குடிக்காமல் வைத்த காபி

அலெப்போ, சிரியா
21-9-2025

அன்புள்ள ராஜிக்கு ஆசீர்வாதம்.

பெய்ரூட் வரை விமானம், அங்கிருந்து ஒரு பகல் முழுக்கக் கார். முதுகு இருக்கிறது, ஆனால் என் பேச்சைக் கேட்பதில்லை. மற்றபடி சௌக்கியம்.

நீ ஏர்போர்ட்டில் போட்ட உத்தரவுப்படி போன் செய்யாமல் எழுதுகிறேன். "போன்ல பேசினா மேதா கல்யாணப் பேச்சு வரும், அது வந்தா சண்டை வரும், எனக்கு பிபி ஏறும். தாள்ல எழுதி போட்டோ எடுத்து அனுப்புங்கோ" என்றாய். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன்.

மாவு மில் ஊருக்கு வெளியே இருக்கிறது. நாலு மாடி. ஒரு காலத்தில் பாதி அலெப்போவுக்கு இங்கிருந்துதான் ரொட்டி மாவு போயிருக்கிறது. சண்டை நடந்த வருஷங்களில் மோட்டார், ஒயர், ஜன்னல் கம்பி என்று கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சர்க்கார் மாவு மில்லில் முப்பத்தைந்து வருஷம் இயந்திரங்களோடு மல்லுக்கட்டியவன் நான். ரிடையர் ஆனவனை இந்த மில்லைப் பழுது பார்க்கக் கம்பெனி கூட்டி வந்ததன் அர்த்தம் இங்கே வந்துதான் புரிந்தது. இங்கே மிச்சமிருக்கும் இயந்திரங்களுக்கும் என் வயசுதான்.

மில் ஏற்பாட்டில் மர்வான் என்ற பையன் வீட்டு மாடியில் தங்கியிருக்கிறேன். பையன் என்கிறேன், வயசு முப்பத்தாறு. காலையில் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார், பகலில் எனக்கு டிரைவர், மொழிபெயர்ப்பாளர், சாயந்திரம் மொட்டை மாடிகளில் சோலார் தகடு மாட்டுகிறவன். ஒரு சம்பளத்தில் இங்கே யாருக்கும் மாதம் பத்து நாள்கூட ஓடாதாம். கரண்ட் ஒரு நாளைக்கு ஆறேழு மணி நேரம் வந்தால் பெரிய விஷயம். மீதி நேரத்துக்குத் தெருமுனை ஜெனரேட்டர்காரனிடம், நம் ஊரில் அரை லிட்டர் பால் சொல்லி வைப்பது போல, ஒரு ஆம்பியர், இரண்டு ஆம்பியர் என்று சொல்லி வாங்குகிறார்கள்.

அவன் அம்மா உம் மர்வான் (இங்கே மூத்த பிள்ளை பெயரோடு அம்மாவை 'உம்', அப்பாவை 'அபு' என்று சேர்த்துக் கூப்பிடுகிறார்கள்) எனக்காக மாமிசம் நிறுத்திவிட்டாள். அரிசியும் பருப்பும் சேர்த்து, மேலே வெங்காயம் சிவக்க வறுத்துப் போட்டு ஒன்று செய்கிறாள். நீ செய்யும் பொங்கலுக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே, மூன்று தட்டு சாப்பிட்டேன்.

மேதா விஷயத்தில் என் முடிவு மாறவில்லை. ரத்தினவேல் நல்ல பையனாகவே இருக்கட்டும். ஜூன் மாதம் ஜங்புராவில் மதராசி கேம்ப் குடிசைகளை இடித்ததிலிருந்து அவனும் அவன் அம்மாவும் ஊர்க்கோடியில் நரேலாவில் ஒண்டிக்கொண்டிருக்கிறார்கள். வீடு வாசல் இல்லாத இடத்தில் பெண்ணைக் கொடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
சேஷன்


மயூர் விஹார், தில்லி
3-10-2025

உங்களுக்கு நமஸ்காரம்.

கொலு எடுத்து வைத்தாச்சு. இந்த வருஷம் ஐந்து படிதான். ஏணியில் ஏறி மேல் தட்டுப் பெட்டியை இறக்க ஆள் இல்லை. ரத்தினவேலைக் கூப்பிட்டால் ஓடி வந்திருப்பான். கூப்பிடவில்லை, உங்களுக்குப் பயந்துதான்.

உங்கள் கடிதத்தை மேதாதான் ஆபீசில் பெரிசாகப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். போனில் என் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் எழுதுவதையும் அவள்தான் போட்டோ எடுத்து அனுப்புகிறாள். பயப்பட வேண்டாம். நாம்தான் அவளை இங்கிலீஷ் ஸ்கூலில் போட்டோமே, அ ஆவைத் தாண்டினால் அவளுக்குத் தலை சுற்றும். அந்த தைரியத்தில்தான் மனசு விட்டு எழுதுகிறேன்.

அவள் என்னோடு பேசுவதெல்லாம் "அம்மா சாவி", "அம்மா லேட்டாகும்", அவ்வளவுதான். இருபத்தெட்டு வயசுப் பெண், நொய்டாவில் பத்துப் பேருக்கு மேலதிகாரி, உங்களை மீறிப் போய்க் கல்யாணம் பண்ணிக்கொள்ளத் தெரியாதா? பண்ணிக்கொள்ள மாட்டேன் என்கிறாள். "அப்பா முன்னாடி நின்னு பண்ணி வைக்கணும். இல்லேன்னா வேண்டாம். வேற யாரையும் பண்ணிக்கவும் மாட்டேன்." இந்தப் பிடிவாதம் எந்த வீட்டுச் சொத்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று தட்டு சாப்பிட்டதற்குச் சந்தோஷம். இங்கே மூன்று தட்டு சாப்பிட்டு எத்தனை வருஷமாச்சு என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். சாயந்திரம் நாலு மணிக்கு மேல் காபி தொடக் கூடாது. தொட்டால் ராத்திரி தூக்கம் போகும், மறுநாள் உலகத்தையே திட்டுவீர்கள். இங்கே என்றால் நான் வாங்கிக் கட்டிக்கொள்வேன். அந்த ஊர்க்காரர்கள் ஏற்கனவே நிறையப் பட்டவர்கள்.

ராஜி


அலெப்போ
10-10-2025

அன்புள்ள ராஜிக்கு ஆசீர்வாதம்.

காபி விஷயத்தில் சத்தியம் காப்பாற்றுகிறேன். சாயந்திரமானால் உம் மர்வான் சோம்பு போட்டு வெந்நீர் தருகிறாள். அவர்கள் காபி கைப்பிடி இல்லாத ஒரு பொடிக் கோப்பை. பாலும் கிடையாது, ஏலக்காய் உண்டு. முதல் நாள் காலையில் வழக்கம்போல அண்ணாந்து வாயில் ஊற்றப் பார்த்து மூக்கைச் சுட்டுக்கொண்டேன். உம் மர்வான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி மாடிக்கு வந்துவிட்டாள்.

மர்வான் கதையைக் கேள். அவனுக்கும் ரீமா என்ற பெண்ணுக்கும் ஒன்பது வருஷமாக மனசு. அவள் மருந்துக் கடையில் பார்மசிஸ்ட். இவனுக்கு இருபத்து மூன்று வயசில் கட்டாய ராணுவ சேவை. ஒன்றரை வருஷம் என்று சொல்லிக் கூட்டிப் போய் எட்டு வருஷம் வைத்திருந்தார்கள். நடுவில் லீவில் வந்தபோதுதான் அவளைப் பார்த்தது. பட்டாளத்தை விட்டு வந்தபோது பணத்துக்கு மதிப்பில்லை. இப்போதும் கறிகாய் வாங்கப் போகிறவர்கள் ஒரு பையில் நோட்டை எடுத்துப் போய் இன்னொரு பையில் தக்காளியோடு வருகிறார்கள். எந்தப் பை கனம் என்று சொல்ல முடியாது. இதில் அவன் எங்கே வீடு கட்டுவது, நகை போடுவது? அவர்களுடைய பழைய வீடு இருந்த தெருவே கல் குவியலாகக் கிடக்கிறது. இப்போது இருப்பது வாடகைக்கு.

ரீமாவின் அப்பா அபு சமீர் வீடு இல்லாதவனுக்குப் பெண் இல்லை என்று சொல்லிவிட்டாராம். சரி, மறுபடி போய்க் கேளேன் என்றேன். "யார் போவார்கள்?" என்றான். இங்கே பெண் கேட்க வயசான ஆண்கள் கூட்டமாகப் போக வேண்டும். பையன் தனியாகப் போனால் அவமரியாதை. இவன் அப்பா காலமாகிவிட்டார். பெரியப்பா ஸ்வீடனில், மாமா துருக்கியில். தம்பி யூசுப்பைப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சோதனைச் சாவடியில் ராணுவத்தார் பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டார்கள். போன டிசம்பரில் பழைய ஆட்சி விழுந்து சிறைகளைத் திறந்தபோது மர்வான் ஒவ்வொரு வாசலாகப் போட்டோவோடு நின்றிருக்கிறான். கிடைக்கவில்லை. உம் மர்வான் இன்னும் ஒரு தட்டு கூடுதலாக வைக்கிறாள். நான் வந்த பிறகு அந்தத் தட்டில் சாப்பிடுகிறவன் நான் என்று நேற்றுதான் தெரிந்தது. அதற்கப்புறம் மூன்று தட்டு என்று கேலி பேச வரவில்லை.

மில்லில் எல்லாம் தயார், ஒன்றைத் தவிர. மாவு சலிக்கும் துணி இல்லை. சாதாரணத் துணி உதவாது, இதற்கென்று நுணுக்கமாக நெய்தது வேண்டும். வெளிநாட்டில் சொன்னால் வர மூன்று மாதம். "அலெப்போவில் ஒருவரிடம் இருக்கலாம். பழைய நாளில் மில்களுக்கெல்லாம் அவர்தான் கொடுப்பார், பெரிய தறிக்காரர்" என்றான் மர்வான். கூட்டிப் போ என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டு, "அவர்தான் அபு சமீர்" என்றான்.

சேஷன்


மயூர் விஹார்
14-10-2025

உங்களுக்கு நமஸ்காரம்.

உம் மர்வானிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, என்னவோ சொல்லுங்கள்.

உங்கள் கம்பெனி சுந்தரேஷ் நாளை அங்கே கிளம்புகிறார். அவரிடம் மைசூர்பாகு இரண்டு டப்பா, பட்டு ஜரிகை வேஷ்டி, புதுச் சட்டை கொடுத்தனுப்பியிருக்கிறேன். தீபாவளி அன்று கட்டிக்கொள்ள வேண்டும். பேண்ட்டோடு பண்டிகை கொண்டாடினால் எனக்குத் தெரிந்துவிடும், போட்டோ வேண்டும். மைசூர்பாகு ஒரு டப்பா உம் மர்வானுக்கு. இன்னொன்று நீங்கள் போகிற வீட்டுக்கு. வெறுங்கையோடு யார் வீட்டுக்கும் போகாதீர்கள்.

மேதா இந்த வருஷம் பட்டுப்புடவை வேண்டாம் என்றுவிட்டாள்.

ராஜி


அலெப்போ
21-10-2025

அன்புள்ள ராஜி,

என்ன காரியம் நடந்துவிட்டது என்று சொல்கிறேன். உட்கார்ந்துகொண்டு படி. எல்லாம் உன்னால்தான்.

நேற்று விடியற்காலையில் தலைக்கு எண்ணெய் தேய்த்து (ஆலிவ் எண்ணெய்தான், வேறு கிடைக்கவில்லை) குளித்து, வேஷ்டி சட்டை கட்டி, போட்டோவும் எடுத்தாச்சு. சாயந்திரம் ஐந்து மணிக்கு, அதே வேஷ்டியோடு, உன் மைசூர்பாகு டப்பாவோடு, அபு சமீர் வீட்டுக்குத் துணி கேட்கப் போனோம். மர்வான் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். அவன் அந்த வாசலை மிதித்து நாலு வருஷம் ஆகிறதாம். மொழிபெயர்ப்பாளனாக வந்தவனை வெளியே நில் என்று சொல்ல முடியாதே, உள்ளே விட்டுவிட்டார்.

அபு சமீருக்கு எழுபது இருக்கும். பன்னிரண்டு தறி ஓடிய வீடு. மேல் மாடிக் கூடத்தில் தறிகள் நின்ற அடையாளம் தரையில் மட்டும் இருக்கிறது. ஒரு ராத்திரியில் லாரி வைத்து ஏற்றிக்கொண்டு போனார்களாம். இப்போது கடைத்தெருவில் பழைய துணி விற்கிறார். மகன் சமீர் ஜெர்மனியில் பார்சல் கொடுக்கிற வேலை. பதினோரு வருஷமாக முகத்தைப் போனில்தான் பார்க்கிறார்.

ரீமா காபி கொண்டு வந்தாள். தங்க விளிம்பு வைத்த கோப்பைகள். பன்னிரண்டில் மிச்சம் இரண்டு. அந்த இரண்டையும் எனக்கும் மர்வானுக்கும் கொடுத்துவிட்டு வீட்டுக்காரர் சாதாரண கிளாஸில் எடுத்துக்கொண்டார். மணி ஐந்தேகால். எனக்கு உன் முகம் ஞாபகம் வந்தது. மரியாதையாக வாங்கி, அப்படியே முன்னால் மேஜையில் வைத்துவிட்டேன்.

அவ்வளவுதான். ரீமா கதவோரம் நின்றவள் நின்றபடி. அபு சமீர் என் கோப்பையைப் பார்த்தார், என் ஜரிகை வேஷ்டியைப் பார்த்தார், மைசூர்பாகு டப்பாவைப் பார்த்தார், பிறகு மர்வானின் இஸ்திரிச் சட்டையைப் பார்த்தார். மர்வானுக்கு வியர்த்துக் கொட்டுகிறது. என் காதருகே குனிந்து, "சார், தயவு செய்து குடித்துவிடுங்கள். பெண் கேட்டு வருகிற பெரியவர்தான் காபியைக் குடிக்காமல் வைப்பார். வீட்டுக்காரர் சம்மதித்து, 'குடியுங்கள்' என்று சொன்னால்தான் எடுப்பார்" என்றான்.

கையை நீட்டிவிட்டேன், ராஜி. எடுத்து ஒரு வாய் குடித்திருந்தால் எல்லாரும் சிரித்துவிட்டு, மாவுத் துணியைப் பற்றிப் பேசியிருப்போம். அந்தப் பெண் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்து மூன்று வயசு, ஒன்பது வருஷம். என்ன தோன்றியதோ, நீட்டின கையை மடியில் வைத்துக்கொண்டு, "மர்வான், மொழிபெயர். நான் குடிக்கப்போவதில்லை" என்றேன்.

அவன் வாயைத் திறக்கவில்லை. தனக்குத் தானே எப்படிப் பெண் கேட்பான்? நான் மறுபடி சொன்னேன். அப்போது கதவோரத்திலிருந்து ரீமா இங்கிலீஷில், "நான் சொல்கிறேன்" என்றாள். அப்பாவைப் பார்த்து அரபியில் சொன்னாள். தன்னைப் பெண் கேட்பதைத் தானே மொழிபெயர்த்த பெண்ணை நான் இப்போதுதான் பார்க்கிறேன். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை, முகம் மட்டும் தக்காளியாக இருந்தது.

அபு சமீர் கிளாஸைக் கீழே வைத்து, "அவனுக்கு வீடு இல்லை" என்றார். "உங்களுக்குத் தறி இல்லை, என் மில்லுக்குச் சலிக்கத் துணி இல்லை. எல்லாம் இருக்கிறவன் வருவான் என்று காத்திருந்தால் இந்த ஊரில் யாருக்குக் கல்யாணம் ஆகும்?" என்றேன். ரீமா அதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். ஒன்றிரண்டு சேர்த்தும் சொன்னாள் என்று மர்வான் பிறகு சொன்னான்.

"யோசிக்க வேண்டும், அடுத்த வாரத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமை வாருங்கள்" என்றார். மைசூர்பாகு டப்பாவைத் திருப்பித் தரவில்லை. அது நல்ல அறிகுறி என்கிறாள் உம் மர்வான். அவள் நேற்று ராத்திரி முழுக்க அக்கம்பக்கத்துக்கு என் கோப்பைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

துணி கேட்க மறந்தே போயிற்று.

உன்,
சேஷன்


மயூர் விஹார்
25-10-2025

உங்களுக்கு நமஸ்காரம்.

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. இரண்டாவது தடவையும் கண்ணில் தண்ணீர் வந்தது, சிரிப்பில்லை.

ஊர் பேர் தெரியாத பெண்ணுக்காக வேஷ்டி கட்டி உட்கார்ந்தீர்கள். நன்றாயிருக்கட்டும். ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நரேலாவிலிருந்து பஸ், மெட்ரோ, ரிக்‌ஷா மாறி ரத்தினவேலின் அம்மா தவமணி நம் வீட்டுக்கு வந்தாளே, ஞாபகம் இருக்கிறதா? கையில் மல்லிகைப்பூ, ஆப்பிள். அவளும் பேச ஆள் இல்லாமல்தான் தனியாக வந்தாள். அந்தக் கேம்ப்பில் அவளோடு நாற்பது வருஷம் இருந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள். பாதிப் பேருக்கு நரேலாகூடக் கிடைக்கவில்லை. வந்தவளிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "முதல்ல இருக்க ஒரு வீட்டைப் பாருங்கோ. எனக்கு வாக்கிங் நேரமாச்சு." காலில் ஷூவை மாட்டிக்கொண்டு போனீர்கள்.

நானும் யோக்கியமில்லை. நீங்கள் கண்ணைக் காட்டினீர்கள். நான் அவளுக்குக் காகிதக் கப்பில் காபி கொடுத்தேன். நமக்கு டம்ளர், அவளுக்குக் காகிதம். வீடு இல்லை என்பது நாம் வெளியில் சொன்ன காரணம். சொல்லாத காரணம் அந்தக் காகிதக் கப்பில் இருந்தது. அவள் அதைக் குடித்துவிட்டு, கப்பைத் தன் பையிலேயே போட்டு எடுத்துக்கொண்டு போனாள். நம் வீட்டுக் குப்பைத் தொட்டியில்கூடப் போடவில்லை. மேதா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நின்ற பேச்சுதான்.

அங்கே தறியைப் பறிகொடுத்த மனுஷர் மிச்சமிருந்த இரண்டு நல்ல கோப்பையை உங்களுக்கும் மர்வானுக்கும் கொடுத்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எழுதும்போது ஒன்றும் உறைக்கவில்லையா?

பிபி மாத்திரை போட்டுக்கொண்டேன். கவலைப்பட வேண்டாம்.

ராஜி


அலெப்போ
9-11-2025

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகப் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் கரண்ட்டும் அல்ல, வேலையும் அல்ல. வெட்கம்தான். உறைத்தது. ரொம்பவே உறைத்தது. இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. பிஸ்தா ஓட்டைப் போட்டு எரிக்கிற அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து தினமும் உன் கடிதத்தை எடுப்பேன், அந்தக் காகிதக் கப் வரி வந்ததும் மடித்து வைத்துவிடுவேன்.

நல்ல சேதியைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை மறுபடி போனோம். இந்தத் தடவை நான் மட்டும் பெரியவன் இல்லை. உம் மர்வான் சொன்ன கதையின் புண்ணியத்தில் மில் வாட்ச்மேன், தெருமுனை ஜெனரேட்டர்காரர், மர்வானின் ஹெட்மாஸ்டர் மூன்று பேரும் நானும் வருகிறேன் என்று கோட்டு போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். நான் அதே வேஷ்டி. நடுவில் உட்கார வைத்தார்கள். காபி வந்தது. நாலு பேரும் குடிக்காமல் வைத்தோம்.

அபு சமீர் அன்றைக்குத்தான் உண்மையைச் சொன்னார். வீடு, நகை எல்லாம் சாக்காம். "ஒருவன் போய்விட்டான். இவளையும் கட்டிக் கொடுத்தால், வீடில்லாதவன் எங்கே போவான்? கப்பல் ஏறுவான். இவளும் போவாள். அப்புறம் இந்த வீட்டில் நான் மட்டும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்." அதுவரை கல்சுவர் மாதிரி உட்கார்ந்திருந்தவர் குழந்தை மாதிரி அழுதார். மர்வான் எழுந்து போய் அவர் காலடியில் உட்கார்ந்து, "மாமா, எட்டு வருஷம் பட்டாளத்தில் இருந்தேன், ஓட எத்தனையோ வழி இருந்தது. இவள் இங்கே இருந்ததால்தான் போகவில்லை" என்றான். ரீமாதான் எனக்கு இங்கிலீஷில் சொன்னாள். அந்த இடத்தில் மட்டும் அவள் குரல் போய்விட்டது, ஹெட்மாஸ்டர் முடித்து வைத்தார்.

"தறிக் கூடம் காலியாகத்தானே கிடக்கிறது. அங்கே குடித்தனம் வைக்கட்டும்" என்றார் அபு சமீர். பிறகு என்னைப் பார்த்து, கோப்பையைக் காட்டி, "குடியுங்கள்" என்றார்.

மணி ஐந்தரை. குடித்தேன். மன்னித்துக்கொள். இவ்வளவு நல்ல காபியை நான் குடித்ததில்லை, உன்னுடையதைச் சேர்த்துத்தான் சொல்கிறேன். பெண்கள் உள்ளே நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டார்கள் பார், தெருவே திரும்பிப் பார்த்தது.

கிளம்பும்போது அவர் பரணில் ஏறி ஒரு பழைய கம்பளத்தைப் பிரித்தார். உள்ளே சலிக்கும் துணி, முப்பது மீட்டர், புத்தம் புதுசு. கொள்ளைக்காரர்கள் கம்பளம் கிழிந்திருந்ததால் விட்டுப் போயிருக்கிறார்கள். நேற்று அதை மாட்டி மில்லை ஓட்டினோம். முதல் மாவு இறங்கியபோது வாட்ச்மேன் அதை எடுத்து மர்வான் தலையில் போட்டு மாப்பிள்ளைக்குச் சீக்கிரமே நரைத்துவிட்டது என்றார். பேக்கரி வாசலில் ஜனங்கள் சுடச்சுட ரொட்டியைக் கார் பானட்டில் பரப்பி ஆற வைத்தார்கள். இங்கே அப்படித்தான் வழக்கம். என் கார் முழுக்க ரொட்டி, நகர முடியவில்லை. அரை மணி நேரம் சிரித்துக்கொண்டே நின்றேன்.

சரி, மேதா விஷயம். டிசம்பரில் வந்ததும் நிதானமாகப் பேசலாம். தவமணி அம்மாவிடம் நேரில் வந்து மன்னிப்புக் கேட்பேன். அதற்குமேல் கடிதத்தில் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. ஊரார் முன்னால் பேச வந்துவிட்டது, சொந்த வீட்டில் பேச வரமாட்டேன் என்கிறது. சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று இன்னும் ஒரு மூலையில் அரித்துக்கொண்டுதான் இருக்கிறது. பொய் சொல்ல விரும்பவில்லை.

உன்,
சேஷன்


மயூர் விஹார்
16-11-2025, ஞாயிறு, காலை பதினொன்றே கால்

உங்களுக்கு நமஸ்காரம்.

அவசரமாக எழுதுகிறேன். சமையலறை மேடையில் தாளை வைத்து எழுதுகிறேன், கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்தரை மணிக்கு பெல் அடித்தது. தவமணியும் ரத்தினவேலும். தவமணி பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. நான் வாங்கோ என்று உட்கார வைத்துவிட்டு உள்ளே வந்து, நம் கல்யாணத்துக்கு எங்கள் அப்பா கொடுத்த வெள்ளி டபரா டம்ளரைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். டிகாக்‌ஷன் முதல் இறக்கம். நுரை பொங்க ஆற்றிக் கொண்டு போய்க் கொடுத்தேன். அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். டம்ளரை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் டீப்பாய் மேல் வைத்துவிட்டாள்.

காகிதக் கப் ஞாபகம் வந்து கோபத்தில் வைக்கிறாளோ என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்து, "உங்க வூட்டுக்காரரு சிரியாவுல போயி காப்பிய வெச்சுட்டு ஒக்காந்தாராம்ல? எனக்கும் கூட்டியார ஆளுங்க இல்லம்மா. நானே வந்து வெச்சிருக்கேன். அவரு குடின்னு சொல்லட்டும்" என்றாள்.

உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். மேதா திருட்டு முழி முழித்தாள். நம் கடிதங்கள், ஒன்று விடாமல், போட்டோவிலிருந்து நேரே ரத்தினவேல் போனுக்குப் போயிருக்கின்றன. அவன் லக்ஷ்மிபாய் நகர் தமிழ் ஸ்கூலில் பன்னிரண்டாவது வரை படித்தவனாயிற்றே! அவன் படித்துக் காட்ட இவள் கேட்டிருக்கிறாள். மூன்று தட்டு, மூக்கைச் சுட்டுக்கொண்டது, என் பிபி, வீடில்லாதவன், காகிதக் கப், வெட்கம், எல்லாம். உங்களைப் பற்றி நான் எழுதியது போகட்டும், அவனைப் பற்றி நீங்கள் எழுதியதை அந்தப் பையன் தன் வாயாலேயே படித்திருக்கிறான். "அதை விட்டுட்டுப் படிச்சிருக்கலாமே" என்று கேட்டேன். "எழுதினதைத்தானே படிக்கணும் அம்மா" என்கிறான். எனக்குத் தரையில் மறைந்துகொள்ள இடம் கிடைக்கவில்லை.

இப்போது கூடத்தில் மூன்று பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். மேதா நாலு மாதத்துக்கு அப்புறம் என் தோளில் சாய்ந்து, "அம்மா, அப்பாவுக்கு எழுது" என்றாள். டிசம்பர் வரை காபி தாங்காது. ஏடு படிந்துவிட்டது.

என்ன சொல்லட்டும்?

ராஜி


அலெப்போ
16-11-2025

மாப்பிள்ளை ரத்தினவேலுக்கு அநேக ஆசீர்வாதம்.

நம் வீட்டில் தமிழ்க் கடிதத்தைத் தடங்கல் இல்லாமல் சத்தமாகப் படிக்கக்கூடியவர் நீங்கள்தான் என்று இப்போது தெரிகிறது. அதனால் இதை உங்களுக்கே எழுதுகிறேன். எழுந்து நின்று, மேதாவுக்கும் உங்கள் அம்மாவுக்கும் கேட்கும்படி படியுங்கள். எழுதினதை எழுதினபடி படியுங்கள்.

சம்பந்தி அம்மாவுக்கு நமஸ்காரம். ஜூலை மாதம் உங்களைக் காகிதக் கப்போடு உட்கார வைத்துவிட்டு ஷூவை மாட்டிக்கொண்டு போனவன் நான். வந்து உங்கள் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்கிறேன். நரேலாவுக்கு வருகிறேன். அங்கே நீங்கள் எந்த டம்ளரில் எந்த நேரத்தில் காபி கொடுத்தாலும் குடிக்கிறேன். மணியைப் பார்க்க மாட்டேன், ராஜி பார்த்துக்கொள்ளட்டும்.

வீடு, அது மெதுவாக வரும். நம் மாடி அறையில் நான் சேர்த்து வைத்திருக்கும் பழைய இயந்திரப் புத்தகங்களை எடுத்துவிட்டால் அங்கே இரண்டு பேர் தாராளமாக இருக்கலாம். வேண்டாம் என்றால் உங்கள் இஷ்டம்.

ராஜி, அந்த ஆறின காபியைக் கொட்டிவிட்டு, அதே வெள்ளி டம்ளரில் புதுசாகப் போட்டுக் கொண்டு வா.

அம்மா, குடியுங்கள்.

இப்படிக்கு,
மேதாவின் அப்பா
சேஷன்